வீட்டுத் தொட்டியில் பவளம் ஏன் ஒரு பக்கமாகவே சாய்ந்து வளருது?

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது உங்களுக்கு இருக்கிறாரா? அடுத்த முறை அவர் வீட்டுக்குப் போகும்போது மீன்களைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் பவளங்களை உற்றுப் பாருங்கள்.

கிளை விட்டு வளரும் பவளமாக இருந்தால், கிளைகள் எல்லாம் ஒரே பக்கம் வளைந்திருக்கலாம். தட்டுப்போல் வளரும் பவளமாக இருந்தால், தட்டின் ஒரு விளிம்பு மட்டும் நீண்டிருக்கலாம். அந்தப் பக்கத்திலிருந்து அப்படியே தலையைத் தூக்கி மேலே பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் விளக்கு இருக்கும்.

சன்னலோரம் வைத்த துளசிச் செடி வெளிச்சத்தைத் தேடி வளைவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் பவளம் செடி இல்லையே! அது ஒரு விலங்கு. அப்புறம் ஏன் அது வெளிச்சத்தின் பக்கம் போகிறது? தொட்டி வைத்திருப்பவர்கள் அதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

விலங்குக்குள் ஒரு தோட்டம்

'பவளம்' என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் ஒரு கூட்டுக் குடும்பம். பாலிப் எனப்படும் சின்னச் சின்ன உயிரிகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், அதைச் சுற்றிக் குட்டிக் கைகள். கீழே தாமே கட்டிக்கொண்ட சுண்ணாம்பு வீடு.

அந்தப் பாலிப்பின் உடல் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தை வைத்து ஒளிச்சேர்க்கை செய்து, சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடுகின்றன. பவளத்துக்குத் தேவையான சக்தியில் 90 விழுக்காடு வரை இப்படிக் கிடைக்கக்கூடும். வாடகைக்குப் பதில் மூன்று வேளைச் சாப்பாடு போடும் வாடகைக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எனவே பவளத்துக்கு வெளிச்சம் அலங்காரம் இல்லை, சாப்பாடு. அதுமட்டுமல்ல, வீடு கட்டுவதற்கான கூலியும் அதுதான்.

1950களில் ஜமைக்காவில் ஆய்வுசெய்த தாமஸ் கோரோ என்ற விஞ்ஞானி, கதிரியக்கக் கால்சியத்தைப் பயன்படுத்திப் பவளங்கள் எவ்வளவு வேகத்தில் சுண்ணாம்பைச் சேர்க்கின்றன என்று அளந்தார். வெளிச்சத்தில் வேகம் கூடியது, இருட்டில் குறைந்தது. பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வெளிச்சத்தில் சுண்ணாம்பு சேரும் வேகம் இருட்டில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 3 மடங்கு.

இதை அப்படியே ஒரே பவளத்தின் இரண்டு பக்கங்களுக்கும் பொருத்திப் பாருங்கள். விளக்கைப் பார்த்த பக்கம் நன்றாகச் சாப்பிடுகிறது, வேகமாகக் கட்டுகிறது. பின்பக்கம் அரைப்பட்டினி. சில மாதம் போனால் உருவமே ஒரு பக்கமாக இழுத்துவிடுகிறது.

வெறும் சாப்பாட்டுக் கணக்கு மட்டும்தானா?

அப்படித்தான் ரொம்ப நாள் பலரும் நினைத்தார்கள். கதை அதோடு முடியவில்லை.

அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டி ஆர்வலர்கள் பலரின் கனவே இதுதான். அதன் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு தலைமைப் பாலிப் இருக்கும். கிளை எந்தத் திசையில் நீள வேண்டும் என்பதை அது முன்னால் நின்று நடத்துகிறது. புதுக் கிளை வேண்டுமென்றால், பக்கத்தில் இருக்கும் சாதாரணப் பாலிப் ஒன்று தலைமைப் பாலிப்பாகப் பதவி உயர்வு பெற வேண்டும்.

அந்தப் பதவி உயர்வை யார் முடிவுசெய்கிறார்கள்? வெளிச்சம்தான் என்று காட்டியது 2009இல் வெளியான ஓர் ஆய்வு. ஆஸ்திரேலியாவின் பெரிய தடுப்புப் பவளத்திட்டில் வளரும் அக்ரோபோரா புல்க்ரா என்ற இனத்தை வைத்துச் செய்தார்கள். வெளிச்சம் இருந்தால் மட்டுமே புதிய தலைமைப் பாலிப்புகள் உருவாயின. அதுவும் வெளிச்சம் வந்த திசையை நோக்கி.

இன்னும் இரண்டு விவரங்கள் அந்த ஆய்வில் இருந்தன. தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே முக்கியம்.

ஒன்று, அதற்கு ஒரு குறைந்தபட்ச அளவு இருந்தது. வெளிச்சம் 45 மைக்ரோமோலுக்குக் கீழே இறங்கியபோது தலைமைப் பாலிப்புகள் உருவாகவே இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை ஒளித்துகள்கள் விழுகின்றன என்பதைச் சொல்லும் அளவு அது. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் உச்சி வெயில் நேரத்தில் இது ஏறக்குறைய 2,000 இருக்கும். நல்ல தொட்டியிலும் பாறைக்குப் பின்னால், கிளைகளுக்கு அடியில் அளந்தால் 45க்குக் கீழே காட்டுவது சர்வ சாதாரணம்.

இரண்டு, எல்லா நிறமும் ஒரே வேலையைச் செய்யவில்லை. நீலம்தான் வேலை செய்தது. 408 முதல் 508 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியில் நுனி வளர்ச்சி 4 மடங்கு கூடியது. செடிகள் வெளிச்சத்தை நோக்கி வளைவதையும் தூண்டுவது நீல ஒளிதான். ஆய்வாளர்களே இந்த ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார்கள்.

விலங்குக்கும் செடிக்கும் ஒரே பழக்கம் எப்படி வந்தது? பவளத்துக்குக் கண் கிடையாது. ஆனால் நீல ஒளியை உணரும் புரதங்கள் அதன் உடலில் உண்டு. கிரிப்டோகுரோம் என்று பெயர். 2007இல் அக்ரோபோரா மில்லெபோரா என்ற இனத்தில் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். நிலா வெளிச்சத்துக்கு ஏற்ப அவற்றுள் ஒன்றின் அளவு மாறுவதும் தெரிய வந்தது. அதே புரதம்தான் கிளையின் திசையையும் முடிவுசெய்கிறது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் வெளிச்சத்தை உணரும் கருவி அந்த உடலில் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

உள்ளே குடியிருக்கும் பாசிக்கும் இதில் பங்கு இருக்கலாம். பவளத்தின் உறவினரான கடல் அனிமோனை வைத்து 1974இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாசி உள்ள அனிமோன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப மெல்ல நகர்ந்தன. அதே இனத்தில் பாசி இல்லாதவை வெளிச்சத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. வீட்டுக்காரரை 'வெயிலுக்கு வாங்க' என்று வாடகைக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன மாதிரி!

கடலில் சூரியன் நகரும், வீட்டில் விளக்கு நகராது

இங்கேதான் வீட்டுத் தொட்டியின் பிரச்சினை ஆரம்பமாகிறது.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறது. சூரியன் காலையில் கிழக்கே எழுந்து, பிற்பகல் 1 மணிவாக்கில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் வந்து, மேற்கே இறங்குகிறது. கடலுக்குள் இருக்கும் பவளத்தின் கிழக்குப் பக்கத்துக்குக் காலையில் வெயில், மேற்குப் பக்கத்துக்கு மாலையில் வெயில். ஜூனில் சூரியன் கொஞ்சம் வடக்கே நகரும், டிசம்பரில் தெற்கே. அலை ஆடும்போது ஒளியும் ஆடும். மேகமும் நீரில் மிதக்கும் துகள்களும் ஒளியைச் சிதறடிக்கும். மணல் தன் பங்குக்குக் கீழிருந்து கொஞ்சம் திருப்பி அனுப்பும். ஆக, ஒரு நாளில் பவளத்தின் எல்லாப் பக்கமும் எப்படியோ கொஞ்சம் நனைந்துவிடுகிறது.

வீட்டிலோ? தொட்டிக்கு மேல் ஒரே ஓர் எல்இடி விளக்கு. தினமும் 10 மணி நேரம், ஒரே இடத்திலிருந்து, ஒரே கோணத்தில். உச்சி வெயிலைப் பிடித்து ஆணி அடித்து நிறுத்திய மாதிரி.

எல்இடியில் இன்னொரு குணமும் உண்டு. பெரிய வெளிச்சம் சின்னப் புள்ளியிலிருந்து வருகிறது. அதனால் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக விழும். முன்பு நிறையப் பேர் வைத்திருந்த டி5 குழல் விளக்குகளை இன்றைக்கும் சில பழைய ஆட்கள் விட மறுப்பதற்கு இதுதான் காரணம். நீளமான குழல்கள் வரிசையாக இருந்தால் ஒளி பல கோணங்களிலிருந்து வரும், நிழல் மங்கலாகிவிடும். மின்சாரக் கட்டணமும் சூடும் அதிகம்தான். ஆனால் பவளம் உருண்டு திரண்டு வளர்வதைப் பார்த்தால் அவர்களின் பிடிவாதத்தில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது.

'அப்போ விளக்கைச் சாய்த்து வைத்தால் பக்கவாட்டில் வெளிச்சம் கிடைக்காதா?' என்று கேட்கத் தோன்றும். கிடைக்கும். ஆனால் நினைத்த அளவுக்குக் கிடைக்காது. காற்றிலிருந்து நீருக்குள் போகும் ஒளி, செங்குத்தை நோக்கி வளைந்துவிடும். 45 டிகிரி சாய்வாக வரும் ஒளி நீருக்குள் சுமார் 32 டிகிரி சாய்வாகிவிடுகிறது. விளக்கை எவ்வளவுதான் சாய்த்தாலும், நீரின் மேற்பரப்பு வழியாக நுழையும் ஒளி செங்குத்திலிருந்து 48, 49 டிகிரியைத் தாண்டவே முடியாது. அதனால் ஒரு தட்டுப் பவளத்தின் அடிப்பக்கத்துக்கு மேலே இருக்கும் விளக்கிலிருந்து நேரடி வெளிச்சம் ஒருநாளும் கிடைக்காது.

நல்லவேளை, தொட்டியின் கண்ணாடிச் சுவர்கள் உதவிக்கு வருகின்றன. மேலிருந்து வரும் ஒளி சுவரில் சாய்வாகப் படும்போது பெரும்பகுதி வெளியே போகாமல் முழுமையாகப் பிரதிபலித்து உள்ளேயே திரும்பிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் சன்னல் கண்ணாடிக்கும் தமிழில் ஒரே பெயர் இருப்பது இந்த இடத்தில் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! சுவரில் பாசி படர்ந்துவிட்டால் இந்த வேலை கெட்டுவிடும். பின்பக்கக் கண்ணாடியில் அழகுக்காகக் கறுப்புப் பெயின்ட் அடித்தாலும், திரும்பி வரவேண்டிய ஒளியைப் பெயின்ட் விழுங்கிவிடும். மீன் பளிச்சென்று தெரியும், ஆனால் பவளத்தின் பின்பக்கம் இன்னும் இருட்டாகிவிடும்.

சாய்ந்து வளர்ந்தால் என்ன கெட்டுப்போகும்?

சாய்வது மட்டும் என்றால் விட்டுவிடலாம். கொஞ்சம் கோணலாக இருப்பதிலும் ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது. ஆபத்து நிழலில் இருக்கிறது.

பவளம் வளர வளர, தன் மேல்பகுதியாலேயே தன் அடிப்பகுதியை மறைக்கிறது. கிளைகள் அடர்ந்ததும் கீழே வெளிச்சமும் குறைகிறது, நீரோட்டமும் குறைகிறது. அடியில் இருக்கும் திசு மெலிந்து, நிறம் மங்கி, ஒருநாள் உரிந்துவிடுகிறது. வெள்ளையாகத் தெரியும் வெற்றுச் சுண்ணாம்பில் சில நாள்களிலேயே பாசி குடியேறும். பாசி மேலே ஏற ஏற, உயிருள்ள திசு பின்வாங்கும். மேலே பார்த்தால் பவளம் ஜோராக இருக்கும். கீழே குனிந்து பார்த்தால்தான் பாதி போய்விட்டது தெரியும்.

வேகமாக வளர்ந்த பவளம்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறது. வளர்ச்சியே அதற்கு வினையாகிவிடுகிறது.

புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்றுண்டு. அக்ரோபோராவின் கிளை நுனி வெள்ளையாக இருந்தால் பயப்பட வேண்டாம். வேகமாக நீளும் நுனியில் பாசிகள் இன்னும் போதுமான அளவு குடியேறியிருக்காது. நுனிக்கு வேண்டிய சாப்பாடு கீழே இருக்கும் பாலிப்புகளிடமிருந்து மேலே போகும். அது வளர்ச்சியின் அடையாளம். அடியிலிருந்து வெள்ளை மேலே ஏறினால்தான் கவலைப்பட வேண்டும். முழு உடலும் வெளிறினால் அது வேறு விஷயம்: அதிகச் சூடோ அதிக வெளிச்சமோ தாங்காமல் உள்ளிருக்கும் பாசிகளைப் பவளம் இழந்துவிட்டது என்று பொருள். 2024ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூர்க் கடலில் பவளங்கள் வெளுத்தது இப்படித்தான், கடல்நீர் சூடானதால்.

உருவத்தையே மாற்றிக்கொள்ளும் பவளங்கள்

வெளிச்சத்துக்காகப் பவளம் வளைவது மட்டுமில்லை, சில இனங்கள் தங்கள் வடிவத்தையே மாற்றிக்கொள்கின்றன.

டர்பினேரியா மெசென்டரினா என்ற பவளம் ஆழம் குறைந்த, வெளிச்சம் கொட்டும் இடத்தில் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு வளரும். ஆழத்தில் அதே இனம் தட்டையாக விரிந்துவிடும். வெளிச்சம் அதிகமான இடத்தில் மடிப்புகள் ஒன்றுக்கொன்று நிழல் கொடுத்துப் பாதுகாக்கின்றன. வெளிச்சம் குறைந்த இடத்திலோ கிடைக்கும் ஒவ்வொரு துளியையும் ஏந்திக்கொள்ள விரிந்த தட்டுதான் வசதி. மழைக்காலத்தில் வாளியையும், தண்ணீர்ப் பஞ்சத்தில் அகலமான அண்டாவையும் வெளியே வைப்பதுபோல. ஜப்பானில் போரைடிஸ் சில்லிமானியானி என்ற இனத்தில் நடந்த ஆய்விலும் வெளிச்சம் கூடிய இடத்தில்தான் தட்டிலிருந்து கிளைகள் எழும்பின.

சிங்கப்பூர்க் கடலுக்கு இது ரொம்பவே பொருந்தும். சுமார் 250 வகைக் கல் பவளங்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. ஆனால் தண்ணீர் கலங்கல். 1960களில் நீருக்கடியில் 10 மீட்டர் தூரம் வரை தெரிந்ததாகச் சொல்வார்கள். நிலமீட்புக்கும் கடல் தூர்வாருதலுக்கும் பிறகு அது சுமார் 2 மீட்டராகக் குறைந்தது. 10 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே நம் பவளங்களின் உலகம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. பாக்கிசெரிஸ், மெருலினா, டர்பினேரியா போன்ற தட்டு வடிவப் பவளங்கள் இங்கே சாதாரணமாகத் தென்படுவதில் வியப்பில்லை. தட்டாக விரிந்தால் மேலே சேறு படியும் என்ற தலைவலியும் அவற்றுக்கு உண்டு. ஒளி வேண்டும், சேறு வேண்டாம். இரண்டுக்கும் நடுவில்தான் அவற்றின் வாழ்க்கை. பவளங்கள் இப்படிச் சூழலுக்கு ஏற்ப வடிவம் மாறுவதைப் பற்றிய விரிவான மதிப்பாய்வு ஒன்றை 2008இல் எழுதியவரும் இங்கே சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுசெய்யும் பீட்டர் டாட்தான்.

இதிலிருந்து தொட்டிக்கு ஒரு பாடம். கடையில் பார்த்த வடிவம் உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே பவளத்தை இரண்டாக வெட்டி இரண்டு வீடுகளில் வளர்த்தால், ஓர் ஆண்டு கழித்து அவை வெவ்வேறு இனம் என்று பார்ப்பவர்கள் சத்தியம் செய்வார்கள்.

சரி, அப்போ என்னதான் செய்யணும்?

முதலில், செய்யக்கூடாததைச் சொல்லிவிடுவோம். 'ஒரு பக்கமா சாயுதே, வாராவாரம் திருப்பி வைப்போம்' என்று கிளம்பிவிடாதீர்கள்.

செடித்தொட்டியைத் திருப்பி வைக்கும் பழக்கம் பவளத்துக்கு ஒத்துவராது. நிழலில் இருந்த பக்கத்தின் பாசிகள் குறைந்த வெளிச்சத்துக்குப் பழகியவை. கிடைப்பதை எல்லாம் பிடித்துக்கொள்ள நிறமிகளைக் கூட்டி வைத்திருக்கும். அந்தப் பக்கத்தைத் திடீரென்று விளக்குக்கு முன்னால் நிறுத்தினால், சமாளிக்க முடியாத அளவு சக்தி உள்ளே வந்து திசு வெந்துவிடும். புது வெளிச்சத்துக்குப் பழகப் பவளத்துக்குச் சில வாரம் வேண்டும். அது பழகி முடிப்பதற்குள் நீங்கள் மறுபடியும் திருப்பினால், அது எந்தப் பக்கத்துக்கென்று தயாராகும்?

எனவே ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். சுத்தம் செய்ய எடுக்கும்போது எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்று ஃப்ராக் பிளக்கின் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப வைக்கும்போது அந்தக் கோடு உங்களைப் பார்க்கட்டும். செலவே இல்லாத வேலை.

திருப்புவதற்குப் பதிலாக ஒளியைப் பரப்புங்கள். ஒரு பெரிய விளக்கைவிட இரண்டு சின்ன விளக்குகள் நல்லது. ஒன்றின் நிழலில் மற்றதன் வெளிச்சம் விழும். இருக்கும் விளக்கோடு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மெல்லிய எல்இடி பட்டைகளைச் சேர்ப்பவர்களும் உண்டு. அதுவும் முடியாவிட்டால் விளக்கைக் கொஞ்சம் உயரத் தூக்குங்கள். நடுவில் எரிக்கும் வெளிச்சமும் ஓரத்தில் இருட்டும் என்ற நிலை குறையும். பால் நிற டிஃப்யூசர் தகடு நிழலை மென்மையாக்கும், ஆனால் கொஞ்சம் வெளிச்சத்தைச் சாப்பிட்டுவிடும்.

விளக்கு எங்கே தொங்குகிறது என்பதையும் பாருங்கள். நிறைய விளக்குகளின் தாங்கி பின்பக்கக் கண்ணாடியில்தான் மாட்டப்படுகிறது. விளக்கு பின்னால் தள்ளி நின்றால் பவளத்தின் அழகான பக்கம் சுவரைப் பார்த்து வளரும். சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் உங்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். நடுவுக்குச் சற்று முன்னால் விளக்கு இருந்தால் பவளம் உங்களை நோக்கி வளரும். சில சென்டிமீட்டர் நகர்த்தினாலே போதும்.

புது விளக்கு வாங்கினால் அவசரமே வேண்டாம். பாதி வெளிச்சத்தில் தொடங்கி மூன்று, நான்கு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். பவளங்கள் வாங்கிய புதிதில் செத்துப்போகும் கதைகளில் பலவற்றுக்கு, பெட்டியைத் திறந்த அன்றே 'ஃபுல்' வைத்ததுதான் காரணம்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்றால், தொட்டி ஆர்வலர்கள் பொதுவாகப் பின்பற்றும் அளவுகள் உண்டு. மென்பவளங்களுக்கு 50 முதல் 100 மைக்ரோமோல். டார்ச், ஹாமர் போன்ற பெரிய பாலிப் உள்ளவற்றுக்கு 50 முதல் 150. அக்ரோபோராவுக்கு 200 முதல் 350. இவை அனுபவத்தில் வந்த எண்கள், சட்டம் இல்லை. அளக்கப் பார் மீட்டர் என்ற கருவி வேண்டும். விலை அதிகம் என்பதால் ஆர்வலர்கள் ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக்கொள்வது வழக்கம்.

அந்தக் கருவியை வைத்து எல்லாரும் செய்யும் ஒரு காரியம், உணரியை மேல்நோக்கி வைத்து ஓர் எண்ணைப் படித்துவிட்டு, 'ஓகே, 250 இருக்கு' என்று திருப்திப்படுவது. பவளம் தட்டையான தரை இல்லையே! உணரியைப் பக்கவாட்டில் திருப்புங்கள். பின்பக்கம் திருப்புங்கள். கிளைக்கு அடியில் நுழையுங்கள். மேலே 250 காட்டும் இடத்தில் பக்கவாட்டில் 40 காட்டினால், அந்தப் பவளம் எப்படி வளரப்போகிறது என்று இப்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக, கத்தரிக்கவும் தயங்காதீர்கள். அடர்ந்த கிளைகளில் சிலவற்றை வெட்டினால் அடிக்கு வெளிச்சமும் நீரோட்டமும் போகும். வெட்டிய துண்டு இன்னொரு பவளமாக வளரும், நண்பருக்குக் கொடுக்கலாம்.

சன்னல் வெயில் இலவசம்தானே?

வீவக வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. சன்னலோரம் தொட்டியை வைத்தால் பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்குமே?

உண்மைதான். மேலே இருக்கும் விளக்கால் தர முடியாத படுக்கைவாட்டு ஒளியைச் சன்னல் தருகிறது. கண்ணாடிச் சுவர் வழியாக நுழையும் ஒளி, நீருக்குள் இன்னும் படுக்கையாக வளைகிறது. தட்டுப் பவளத்தின் அடிவரை எட்டிப்பார்க்கக்கூடிய வெளிச்சம் அது ஒன்றுதான். அந்தப் பக்கம் நோக்கிப் பவளம் திரும்பவும் செய்யும்.

ஆனால் நம் ஊர் வெயிலை மறந்துவிடாதீர்கள். பவளத் தொட்டியை 25, 26 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கவே இங்கே பலரும் சில்லர் ஓட்டுகிறார்கள். மேற்கு பார்த்த சன்னலில் பிற்பகல் வெயில் நேரே விழுந்தால் சில்லர் மூச்சு வாங்கும், மின்கட்டணம் ஏறும். கண்ணாடியில் பாசியும் மளமளவென்று படரும். காலை வெயில் ஒரு மணி நேரம் எட்டிப்பார்க்கும் சன்னல் என்றால் பரவாயில்லை. மேற்குச் சன்னல் என்றால் திரைச்சீலை போட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

வாங்கும் முன்

கடையில் ஒரு துண்டு பவளம் சில வெள்ளிக்கும் கிடைக்கும், சில நூறு வெள்ளிக்கும் கிடைக்கும். விலை எதுவானாலும் கல் பவளங்கள் எல்லாமே அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் கீழ் வருபவை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் அதைத் தேசியப் பூங்காக் கழகம் கவனிக்கிறது. விடுமுறைக்குப் போன இடத்தில் கிடைத்தது என்று பையில் போட்டுக்கொண்டு வருவது சரிப்படாது. சிஸ்டர்ஸ் தீவுக் கடற்பூங்காவில் நீர் வடியும் நேரத்தில் கண்ணில் பட்டதை எடுத்து வருவதும் கூடாது.

முடிந்தால் கடலிலிருந்து பறித்ததைவிட, தொட்டியிலேயே வளர்ந்த துண்டைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே எல்இடி வெளிச்சத்துக்குப் பழகியிருக்கும். வாங்கும்போது கடை அங்கிளிடம் விலையோடு இன்னும் மூன்று கேள்வி கேட்கலாம்: எந்த விளக்கின் கீழ் வளர்ந்தது, எவ்வளவு உயரத்தில் இருந்தது, எந்தப் பக்கம் விளக்கைப் பார்த்தது? நல்ல கடைக்காரர் மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்வார். அவர் அதைத் தொட்டியிலிருந்து தூக்குவதற்கு முன்பே, இருந்த இடத்திலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைக்கும்போது பார்த்துக்கொள்ள உதவும்.